கொல்லன் வீட்டு வேலும் பழைய போரிங் மெஷினும்

(அதியமான்கோட்டையில் ஆயுத பூஜையை ஒட்டி நடந்த பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போரிங் மெஷின் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஊரில் ஒருவர் கேட்டார்: "எத்தனை அடி போகுமுங்க?" அவர் கேட்டதில் பிழையில்லை. நம் தர்மபுரி மாவட்டத்தில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறுதான். தண்ணீர் கீழே போகப் போக, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நம் வயல்களில் இரவு பகலாக முழங்குகின்றன. நான் பேச வந்தது நிலத்தைத் துளைக்கும் வண்டியைப் பற்றியல்ல, இரும்பைக் குடையும் மெஷினைப் பற்றி.

துளைப்பது வேறு, குடைவது வேறு. டிரில் பிட் கெட்டியான இரும்பில் புதிதாக ஓட்டை போடும். அந்த ஓட்டை கொஞ்சம் சாய்ந்து போகும், வட்டமும் கொஞ்சம் பிசகும்; போல்ட் மாட்ட அது போதும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டையை ஒற்றை முனை டூலால் உள்பக்கம் சீவிச் சீவிப் பெரிதாக்கி, வட்டத்தையும் நேரையும் அளவையும் திருத்துவதுதான் குடைதல். பட்டறையில் போரிங் என்று நாம் சொல்வது அதைத்தான். சொல் நமக்குப் புதிதல்ல. நாமக்கல் மலையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் கோயிலைக் குடைவரை என்கிறோம். அதைக் குடைவித்தவன் அதியர் குலத்துக் குணசீலன். அங்கே இருக்கும் கல்வெட்டு அதற்கு அதியேந்திர விஷ்ணு கிருகம் என்றே பெயர் சொல்கிறது. அதியன் பெயர் தாங்கிய இந்த ஊரில் நின்று குடைவதைப் பற்றிப் பேசக் கிடைத்தது எனக்குப் பெருமை.

மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லேத்தில் ஜாப் சுற்றும், டூல் நிற்கும். இதில் ஜாப் டேபிளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், டூல் சுற்றும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தூண். அந்தத் தூணில் ஏறி இறங்கும் தலை. தலையிலிருந்து கிடைவாட்டில் நீளும் ஸ்பிண்டில். நடுவில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் நகரும் டேபிள். நல்ல மெஷினில் அது சுற்றவும் செய்யும். மறுகோடியில் இன்னொரு சிறிய தூண், நீண்ட போரிங் பாரின் அந்தப் பக்கத்து முனையைத் தாங்குவதற்கு. 75 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று ஸ்பிண்டிலின் விட்டத்தைச் சொல்லித்தான் இதை அழைப்போம். அந்த அளவு மெஷினே ஐந்து டன்னிலிருந்து பத்து டன் வரை எடை இருக்கும்.

இவ்வளவு பெரிய பொருள் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பா சேலம் ரோட்டோரம் ஒற்றை லேத் வைத்திருந்தார். கடத்தூர் பக்கத்து வெல்ல ஆலையிலிருந்து ஒரு கரும்பு கிரஷரின் பக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பேரிங் உட்காரும் ஓட்டைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. அந்தச் சட்டத்தை லேத்தில் கட்டிச் சுற்றவே முடியாது. சுற்ற முடிந்தாலும் பயனில்லை. இரண்டு சட்டங்கள், நான்கு ஓட்டைகள், எதிரெதிர் ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு ஓட்டையைச் சரிசெய்வது பெரிதல்ல. தள்ளி நிற்கும் இன்னொரு ஓட்டையோடு அதை ஒத்துப்போக வைப்பதுதான் வேலை. சட்டம் லாரி ஏறிக் கோயம்புத்தூர் போனது. திரும்பி வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தது. வெட்டிய கரும்பில் ஒவ்வொரு நாளும் சர்க்கரை குறையும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது எனக்கு வயது பத்தொன்பது. இந்த மெஷின் நம் ஊரில் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது.

கரும்பு கிரஷர் மட்டுமல்ல. மண் அள்ளும் வண்டியின் கையில் பின் ஓடும் ஓட்டைகள், சேகோ ஆலையின் அரைவைப் பெட்டி, கிரானைட் அறுக்கும் மெஷினின் பேரிங் ஹவுசிங், பழைய டீசல் எஞ்சினின் மெயின் பேரிங் வரிசை என்று நம் பக்கம் தேய்கிற பொருள்களில் பாதி, எதிரெதிர் ஓட்டைகள் ஒரு கோட்டில் நிற்க வேண்டிய பொருள்கள்தான்.

இந்தத் தொழிலின் கதையில் ஒரு மனிதரை நாம் மறக்கக் கூடாது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்கு 1769-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் எஞ்சின் ஓடவில்லை, அதாவது தொழிலுக்கு உதவும்படி ஓடவில்லை. காரணம் சிலிண்டர். வார்த்தெடுத்த பெரிய சிலிண்டரின் உள்பக்கத்தை வட்டமாகக் குடைய அன்று யாராலும் முடியவில்லை. ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டிய பார், வார்ப்பு எப்படிக் கோணியிருந்ததோ அப்படியே தானும் கோணிப் போனது. பிஸ்டனைச் சுற்றி நீராவி ஒழுகியது. ஜான் வில்கின்சன் என்ற இரும்பு உருக்குபவர் 1774-இல் பீரங்கி குடைவதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு சிலிண்டருக்கென்று தனி மெஷின் கட்டினார். அவர் செய்தது கேட்டால் சின்ன விஷயம். பாரைச் சிலிண்டருக்குள்ளே முழுவதுமாக நுழைத்து, அந்தப் பக்கம் வெளியே எடுத்து, இரண்டு முனையையும் தாங்கினார். அவ்வளவுதான். வாட்டின் கூட்டாளி போல்டன் பிறகு எழுதிய கடிதத்தில், ஐம்பது அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் எங்குமே ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம் அளவுக்குக்கூடப் பிசகு இல்லை என்று வியந்திருக்கிறார். 1776-இல் வாட் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. எஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயர் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஓட வைத்த ஓட்டையைக் குடைந்தவர் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்றும் நம் மெஷினின் மறுகோடியில் நிற்கும் அந்தச் சிறிய தூண் வில்கின்சன் வைத்ததுதான்.

சரி, பழைய மெஷின் எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் ஆல்ட்ரிங்காம் பக்கத்தில் பிராட்ஹீத் என்ற இடத்தில் கியர்ன்ஸ், ரிச்சர்ட்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து இருந்து இதையே செய்துவந்தன. அமெரிக்காவில் கிளீவ்லாந்தின் லூக்காஸ், விஸ்கான்சினின் கிடிங்ஸ் அண்ட் லூயிஸ். நம் பட்டறைகளில் அதிகம் கண்ணில் படுவது இவையல்ல; செக்கோஸ்லோவாக்கியாவின் வார்ன்ஸ்டார்ஃபில் செய்த டாஸ், கிழக்கு ஜெர்மனியின் யூனியன். 1950-களிலிருந்து இந்தியா அந்த நாடுகளோடு டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே வணிகம் செய்தது. ராஞ்சியில் கனரக மெஷின் டூல் ஆலை செக் நாட்டு உதவியோடு எழுந்தது. திருச்சி திருவெறும்பூரின் கொதிகலன் ஆலையும் அவர்கள் கைகொடுத்து வந்ததுதான். அன்று வந்திறங்கிய மெஷின்கள் ஆலைகளில் நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்தன. ஆலை மூடும்போதோ, கம்ப்யூட்டர் மெஷின் வரும்போதோ, இவை ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அரசு நிறுவனம் என்றால் எம்.எஸ்.டி.சி. வழியாக மின்னேலம். தனியார் என்றால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒரு பழைய மெஷின் வியாபாரி. அவரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக் கடை, கேஸ் கட்டர், உலை.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த மெஷினுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கிலோ கணக்கு, இன்னொன்று ஓடுகிற மெஷினின் கணக்கு. வியாபாரி முதல் கணக்கில் வாங்கியிருப்பார், இரண்டாவது கணக்கில் சொல்வார். நீங்கள் பேச வேண்டியது நடுவில். பேசுவதற்கு உங்களுக்குப் பலம் வேண்டுமானால் மெஷினைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் முதலில் பார்க்கப் போன மெஷின் பளபள என்று இருந்தது. ஆப்பிள் பச்சை பெயின்ட், கைப்பிடிகளுக்கு நிக்கல் பூச்சு, பித்தளைத் தகடு துலக்கி வைத்திருந்தது. முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கை போய்விட்டது. கூட வந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். முப்பது ஆண்டு இதே மெஷினோடு வாழ்ந்தவர். "தம்பி, பெயின்டைப் பாக்காத. அடியில கை வச்சுப் பாரு" என்றார். தலை ஓடும் தூணின் வழித்தடத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுக்கச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நகம் தட்டியது. கீழ்ப்பாதியில்தான் எப்போதும் வேலை நடந்திருக்கிறது. அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பெயின்ட் அடித்த யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்துப் பார்த்த மெஷின் ஒரு மூடிய ஆலையின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துக் கிடந்தது. டேபிள் முழுக்கச் சிராய்ப்பு. ஆனால் வழித்தடங்களில் எண்ணெய் இருந்தது, மூடுகிற நாள் வரை அதில் வேலை நடந்திருந்தது. ஃபிட்டர் அரை நாள் உட்கார்ந்து சோதித்துவிட்டு, இதை எடு என்றார். எடுத்தேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் எனக்கு ஔவை நினைவு வந்தது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும், அது நம் அதியமானைப் பற்றிய பாட்டு. ஔவை அதியமானுக்காக மன்னன் தொண்டைமானிடம் தூது போகிறாள். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. ஔவை அதைப் பார்த்துவிட்டு அதியமானின் வேல்களைப் பற்றிச் சொல்கிறாள்: அவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. போரில் யார் ஆயுதம் பேசும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. மெஷின் வாங்கப் போகிறவனுக்கும் இதுவே வழிகாட்டி. மாளிகையில் பீலி சூடி நிற்பதை விடுங்கள். கொல்லன் வீட்டில் கிடப்பதைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிண்டிலை முழுதாக வெளியே நீட்டி, நுனியில் டயல் வைத்து, கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் எவ்வளவு என்று முள் சொல்லும். ஸ்பிண்டில் துவாரத்தின் டேப்பரில் நீல மை பூசிய சுத்தமான டேப்பர் ஷாங்கை நுழைத்து எடுங்கள். மை எங்கும் சீராக ஒட்ட வேண்டும். வாயில் மட்டும் ஒட்டினால் டேப்பர் போய்விட்டது. எல்லா வேகத்தையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். பல் உடைந்த கியர் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்காது, சூடானபின் காட்டிக்கொடுக்கும். ஃபீடை இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று அறிய நம் பெரியவர்கள் வழி ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் ஒரு ஈரக்கோடு எழும்.

அமெரிக்க மெஷின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் மோட்டார் 60 சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்தது. நம் 50 சைக்கிளில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதன் ஸ்குரூ அங்குலக் கணக்கு. இரண்டுமே பெரிய குறையல்ல. டிஜிட்டல் ரீட்அவுட் ஒன்று மாட்டினால் அங்குலம் மில்லிமீட்டர் சண்டை தீர்ந்துவிடும். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் முக்கியமானது கூட வரும் சாமான். போரிங் பார்கள், மறுகோடித் தூண், அதற்கான புஷ்கள், சாவிகள், ஃபேசிங் தலை, கையேடு. இவை இல்லாத மெஷின் பாதி மெஷின். தனியாகச் செய்யப் போனால் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும் என்பது என் அனுபவம்.

ஏற்றி வருவதில் உயிர் இருக்கிறது. சில மெஷின்களில் தலையின் எடையைச் சமன் செய்யத் தூணுக்குள்ளே பெரிய எதிரெடை ஒன்று கம்பிக் கயிற்றில் தொங்கும். வெளியே தெரியாது. மெஷினைத் தூக்கும்முன் தலையை மரக்கட்டையில் உட்கார வைத்து, எதிரெடையைக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் சாய்த்தால் கயிறு அறுந்து அது உள்ளே விழும். தூண் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். ஏழு டன் வார்ப்பிரும்பைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தால் சேலம் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். அந்தச் சாலையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். கயிற்றை நம்பாதீர்கள். நான்கு மூலையிலும் சங்கிலி, ஒவ்வொரு சங்கிலிக்கும் இறுக்கி, பகலில் பயணம், மழை நாளில் வேண்டாம். வீட்டு வாசலில் இறக்கியபின் கிரேன் பட்டறைக்குள் வராது. இரும்புக் குழாய் உருளைகள், கடப்பாரை, செயின் பிளாக், பொறுமையுள்ள ஆறு பேர். ஆறு பேரில் ஒருவர் மட்டும் சத்தம் போட வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

என் பெரிய தவறு அடித்தளத்தில் நடந்தது. கம்பி கட்டி ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டேன், அதில் குறையில்லை. கான்கிரீட் தன் வலுவை எட்ட 28 நாள் ஆகும் என்று தெரிந்தும், ஆர்டர் காத்திருக்கிறது என்று பன்னிரண்டாம் நாளே மெஷினை ஏற்றி லெவல் பார்த்து ஓட்டிவிட்டேன். முதல் மாதம் வேலை சரியாக வந்தது. மூன்றாம் மாதம், குடைந்த ஓட்டைகள் ஒரு முனையில் பெரிதாகவும் மறுமுனையில் சிறிதாகவும் வர ஆரம்பித்தன. மெஷினையே குறை சொன்னேன். ஃபிட்டர் வந்து மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் நுண் லெவலை பெட் மீது வைத்தார். பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. அடித்தளம் ஒரு மூலையில் இறங்கியிருந்தது. மெஷின் தன்னை அதற்கேற்ப வளைத்துக்கொண்டது. வார்ப்பிரும்பு கல் போல இருக்கிறது என்று நினைப்போம். அத்தனை நீளத்தில் அது மரப்பலகை போலத்தான் வளையும். திரும்ப லெவல் செய்து, ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறு மாதம் கழித்துப் பார்த்தோம். அதற்குப்பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், லெவல் பார்த்துவிட்டுத்தான் சந்தனம் வைக்கிறேன்.

மின்சாரத்துக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். சிறு தொழிலுக்கென்று மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து திருட்டுத்தனமாக இழுக்காதீர்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். அந்தக் கிரஷர் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஓட்டை முதலில் 110 மில்லிமீட்டராக இருந்தது, இப்போது தேய்ந்து கோணலாகிவிட்டது. அதை 125-க்குக் குடைந்து, உள்ளே இரும்பு புஷ் ஒன்றை அழுத்தி ஏற்றி, அந்தப் புஷ்ஷை மறுபடி 110-க்குக் குடைய வேண்டும். பேரிங் உட்கார அந்த 110-இல் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 0.035 மில்லிமீட்டர். தலைமுடியில் பாதிக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது ஒரு மணி நேரம். அதற்குமுன் ஜாப்பை டேபிளில் வைத்து, மெஷின் செய்த முகத்தில் டயலை ஓட்டி, ஷிம் வைத்து, கிளாம்ப் போட்டு, மறுபடி டயலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளாம்ப் இறுக்கியதும் சட்டம் வளையும். வளைந்த நிலையில் குடைந்தால் கிளாம்பைக் கழற்றியதும் ஓட்டையும் வளையும். இந்த செட்டிங் ஒரு முழு நாள் பிடிக்கும். வாடிக்கையாளர் வந்து பார்த்து, "என்னங்க, காலையிலிருந்து மெஷினே ஓடலையே" என்பார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் உண்டு, அதுவும் அதியமானைப் பற்றிய பாட்டில் கிடைத்ததுதான். புறநானூறு 87. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு தேர்ச்சக்கரம் செய்தால் அது எப்படி இருக்குமோ, எங்கள் தலைவன் அப்படிப்பட்டவன் என்கிறாள் ஔவை. வேகம் தெரிந்தவன் பொறுமையாகச் செய்தது. சக்கரத்தின் நடுவே அச்சு நுழையும் குடத்தைக் குடைவதில்தான் அவன் நாட்கள் போயிருக்கும் என்று என் தொழில் மனம் நினைத்துக்கொள்கிறது.

ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்காக மூன்று விஷயம் சொல்லிப் போகிறேன். பார் எவ்வளவு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு கூடும். விட்டம் இரட்டிப்பானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இரும்புப் பார் தன் விட்டத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் தனியாக நீண்டால் கீச்சென்று கத்தும், ஓட்டையில் அலை விழும். அப்போது மறுகோடித் தூணைக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, 100 மில்லிமீட்டர் ஓட்டையை வார்ப்பிரும்பில் ஹை ஸ்பீட் டூலால் குடைய நிமிடத்துக்கு 60 சுற்றுப் போதும். டூல் நுனி நிமிடத்துக்குப் பத்தொன்பது மீட்டர் போகிறது. பழைய மெஷினில் அவசரம் கூடாது. மூன்றாவது, டேபிளை 180 பாகை திருப்பி மறுபக்கம் குடைவது எளிது என்று நினைப்பீர்கள். ஜாப்பின் மையம் டேபிளின் சுழல் மையத்திலிருந்து 0.05 தள்ளியிருந்தால், திருப்பியபின் இரண்டு ஓட்டைக்கும் இடையே 0.10 வித்தியாசம் வரும். திருப்பினால் தவறும் இரட்டிப்பாகும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மாலைக்கும் பத்துப் பாகை வித்தியாசம் சாதாரணம். அரை மீட்டர் நீளமுள்ள இரும்பு அந்தப் பத்துப் பாகையில் 0.055 மில்லிமீட்டர் வரை நீளும். நாம் அனுமதித்த வித்தியாசத்தைவிட அது அதிகம். ஆகையால் நான் இறுதி வெட்டை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன், முதல் நாள் மாலை கரடு வெட்டு முடித்துவிட்டு, ஜாப்பையும் மெஷினையும் ஒரே சூட்டில் தூங்கவிட்டுவிட்டு.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுற்றும் ஸ்பிண்டிலின் பக்கத்தில் கையுறை வேண்டாம், முழுக்கைச் சட்டை வேண்டாம், கழுத்தில் துண்டு வேண்டாம், லுங்கி வேண்டாம். இந்த மெஷின் மெதுவாகச் சுற்றும், ஆகையால் ஆபத்தில்லை என்று தோன்றும். மெதுவாகச் சுற்றும் மெஷின்தான் பிடித்தால் விடாது. எனக்குத் தெரிந்த ஒரு நல்ல தொழிலாளி, சுற்றும்போதே துணியால் சீவலைத் துடைக்கப் போய் வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். அவர் இன்று டீக்கடை நடத்துகிறார். அவர் கையிலிருந்து போனது மூன்று விரல் மட்டுமல்ல, முப்பது ஆண்டுத் தொழில்.

இதெல்லாம் தேவையா, ஓசூரில் கம்ப்யூட்டர் மெஷின்கள் இருக்கின்றனவே என்று என் மகனே கேட்கிறான். ஒரே மாதிரி ஆயிரம் துண்டு செய்ய அவைதான் சரி, சந்தேகமில்லை. ஆனால் உடைந்த ஒரு சட்டத்துக்காக அங்கே யாரும் மெஷினை நிறுத்திவைக்க மாட்டார்கள். ஒற்றைத் துண்டு, தேய்ந்த துண்டு, வரைபடம் இல்லாத துண்டு, இன்று மாலைக்குள் வேண்டிய துண்டு, இவை நம் வேலை. கிருஷ்ணகிரி பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். 2004 வரை அது நம் தர்மபுரி மாவட்டம்தான். அன்றிலிருந்து இன்றுவரை இந்த மண்ணில் இரும்பு தேய்ந்துகொண்டேயிருக்கிறது, அதைச் சரிசெய்ய ஒருவன் பக்கத்தில் இருந்துகொண்டேயிருக்கிறான். அந்த ஒருவன் ஒன்பது நாள் தள்ளி இருக்கக் கூடாது.

கடைசியாக, ஆலை நடத்துகிறவர்களுக்கும் ஏலம் விடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய போரிங் மெஷினை விற்கும்போது அதன் பார்களையும் புஷ்களையும் சாவிகளையும் தனிக் குவியலாக்கி இரும்புக் கடைக்கு எடை போடாதீர்கள். கையேட்டை அலமாரியோடு சேர்த்து எரிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டு மெஷினின் டேபிளிலேயே கட்டி வையுங்கள். வாங்குகிறவனுக்கு அது ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். மெஷின் வாங்க நினைக்கும் தம்பிகள் என் பட்டறைக்கு வாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தால் இறுதி வெட்டைப் பார்க்கலாம்.